வாயில்லா ஜீவனும் வீட்டார் பொறுப்பும்

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளியின் வெளித்தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் ஸலாம் உரைத்து என் அருகே வந்து அமர்ந்தார். அவர் முகத்தில் கலக்கம் தெரிந்தது.

“ஹஜ்ரத், எங்கள் வீட்டில் தெள்ளுப்பூச்சி பெருகிவிட்டது. பாய், படுக்கை, உடுப்பு எல்லாவற்றிலும் அதுதான். கைலியிலும் சட்டையிலும் கடுகளவு இரத்தப் புள்ளிகள் படிந்துவிடுகின்றன. அந்த உடையோடு தொழுத தொழுகை கூடுமா?” என்று கேட்டார்.

கேட்கத்தக்க கேள்விதான். ஷாஃபியீ மத்ஹபின் சட்ட நூல்கள், தெள்ளு, கொசு போன்றவற்றின் இரத்தம் தவிர்க்க இயலாதபடி உடையில் படிந்தால் அது மன்னிக்கப்பட்டது என்று கூறுகின்றன. ஹனஃபீ மத்ஹபின் அறிஞர்களோ அதனை அசுத்தமாகவே கருதுவதில்லை. “தொழுகை கூடும், ஐயப்பட வேண்டாம்” என்றேன். அவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். அவர் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்திற்று. “வீட்டில் தெள்ளு எப்படி வந்தது?” என்று கேட்டேன். “ஒரு பூனை வளர்த்தோம். மூன்று குட்டிகள் ஈன்றிருந்தது. அவற்றின் உடம்பெல்லாம் தெள்ளு. அதனால் நேற்று மஃரிபுக்குப் பின் தாயையும் குட்டிகளையும் சாக்கில் கட்டி மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வந்தேன்” என்றார். சொல்லும்போது அவர் குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. உடையிலிருந்த புள்ளியைப் பற்றித் தயங்கியவர், சாக்கில் இருந்த நான்கு உயிர்களைப் பற்றித் தயங்கவில்லை.

இப்னு உமர் (ரலி) அவர்களிடம் இராக் நாட்டார் ஒருவர் வந்து, கொசுவின் இரத்தத்தைப் பற்றிச் சட்டம் கேட்டார். நாயகத்தின் பேரரையே கொன்றுவிட்டுக் கொசுவின் இரத்தத்தைப் பற்றிக் கேட்கின்றார்களே என்று அப்பெருந்தகை வருந்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான நிகழ்ச்சி இது. அந்தப் பெருங்கொடுமையோடு இந்தச் சகோதரரின் செயலை ஒப்பிடுவது என் நோக்கமன்று. சிறியதில் பேணுதலும் பெரியதில் அலட்சியமும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதையே அச்செய்தி நமக்கு உணர்த்துகிறது. அந்த மனிதர் நாமாகவும் இருக்கலாம்.

அந்தப் பெண்மணி செய்த குற்றம் என்ன?

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணொருத்தி, அதன் காரணமாகவே நரக வேதனைக்கு ஆளானாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்ற இந்த ஹதீஸை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. ஆனால் நாம் அதை மேலோட்டமாகக் கேட்டுவிட்டுப் போகிறோம். அவள் அந்தப் பூனையை அடித்ததாகவோ வெட்டியதாகவோ அதில் கூறப்படவில்லை. தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்ன அதனை அவிழ்த்துவிடவும் இல்லை. தன் பொறுப்பில் இருந்த உயிரைக் கவனியாமல் விட்டாள். அதுவே குற்றம்.

இங்கே ஒரு சகோதரர் குறுக்கிட்டு, “நாங்கள் கட்டிவைக்கவில்லையே, அவிழ்த்துத்தானே விட்டோம்?” என்று கேட்கலாம். நியாயமாகத் தோன்றும் வாதந்தான். ஆனால் அவிழ்த்துவிடுவது எதற்காக? அது தானே இரை தேடி உயிர் வாழ்வதற்காக. ஓடவும் பாயவும் வலுவுள்ள பூனைக்கு அது விடுதலை. இரத்தம் வற்றி, ஈறு வெளுத்து, நாய்கள் திரியும் சந்தையில் இருட்டு நேரத்தில் இறக்கிவிடப்பட்ட குட்டிக்கு அது விடுதலை ஆகுமா? கயிற்றால் கட்டிவைப்பது ஒருவகை. பலவீனத்தால் கட்டுண்ட ஒன்றைத் தெருவில் போடுவது மற்றொரு வகை. முடிவு இரண்டிலும் ஒன்றே.

சுற்றி வருவோர்

அபூகத்தாதா (ரலி) அவர்களுக்கு அவர்களுடைய மருமகள் ஒளூச் செய்யத் தண்ணீர் வைத்தார். அப்போது ஒரு பூனை வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்து, பூனை வயிறாரக் குடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் வியப்போடு நோக்குவதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று எனும் பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இது உள்ளது.

‘சுற்றி வருவோர்’ எனும் இச்சொல்லைத் திருக்குர்ஆன் தன் 24ஆம் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில், வீட்டினுள் போவதும் வருவதுமாக இருக்கும் பணியாட்களையும் சிறுவர்களையும் குறித்துப் பேசுமிடத்தில் பயன்படுத்துகிறது. எனவே பூனை வீட்டாரோடு வைத்து எண்ணப்படும் உயிர் என்று அறிஞர்கள் விளக்கினார்கள். நம் ஒளூத் தண்ணீரில் அதற்குப் பங்கு உண்டென்றால், அதன் நோயில் நமக்குப் பங்கு இல்லாமற் போகுமா?

நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடைமீது உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி ஆடையின் கையை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்றொரு கதை மேடைகளில் சொல்லப்படுகிறது. நம்பகமான ஹதீஸ் நூல்களில் அது காணப்படவில்லை. ஆதாரமற்ற கதை நமக்குத் தேவையும் இல்லை. உறுதியான ஹதீஸ்களே போதிய அளவு பேசுகின்றன.

பிராணியை வளர்ப்பவர் அதற்குத் தீனியும் தண்ணீரும் அளிப்பது கட்டாயம் என்பதைச் சட்ட நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. மருத்துவத்தை அவ்வாறே கட்டாயம் என அவை வரையறுக்கவில்லை என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் என் கருத்து இதுதான்: தன்னால் நீக்கிக்கொள்ள முடியாத துன்பத்தில் ஓர் உயிர் துடிக்கும்போது, நீக்கும் வழி நம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் பேசாதிருப்பது, அந்தப் பெண்மணியின் அலட்சியத்துக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

தெள்ளு செய்யும் தீங்கு

தெள்ளுதானே என்று சிலர் இலேசாக எண்ணுகிறார்கள். பூனையின் உடலில் இருக்கும் இரத்தம் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 60 மில்லி. அரைக்கிலோ எடையுள்ள குட்டிக்கு மொத்த இரத்தமே இரண்டு மேசைக் கரண்டி அளவுதான். 70, 80 பெண் தெள்ளுகள் சேர்ந்தால் நாளொன்றுக்கு 1 மில்லி இரத்தத்தை உறிஞ்சிவிடும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஈறும் நாக்கும் வெளுத்து, பால் குடிக்கவும் வலுவின்றிக் குட்டி சுருண்டு கிடந்தால், அது சோம்பலன்று, இரத்தச் சோகை. அந்நிலையில் ஒரு நாள் தாமதமும் உயிரைப் பறிக்கலாம்.

வளர்ந்த பூனைகளில் சிலவற்றுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாது. முதுகும் வாலடியும் புண்ணாகி முடி உதிரும். உடம்பை நக்கும்போது தெள்ளை விழுங்கிவிட்டால் வயிற்றில் நாடாப்புழு வளரும். மலவாயின் ஓரத்தில் அரிசிமணி போன்ற துண்டுகள் ஒட்டியிருப்பது அதற்கு அடையாளம். மனிதர்க்கும் இதில் பங்குண்டு. குழந்தைகளின் கணுக்காலில் வரிசையாகச் சிவந்த தடிப்புகள் தோன்றும். தெள்ளின் கழிவு படிந்த நகத்தால் பூனை பிறாண்டினால் காய்ச்சலும் நெறிகட்டுதலும் வருவதுண்டு.

தெள்ளு இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. பேன் சீப்பால் பூனையின் முதுகை வாரி, உதிரும் கருந்துகள்களை நனைந்த வெள்ளைத் துணியில் இடுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது மண்ணன்று. தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம்.

ஒரு தவறும் அதன் பாடமும்

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் பூனைக்கும் இவ்வாறே தெள்ளு கண்டது. நாய்க்குப் போடும் மருந்து ஒன்று ஒருவரிடம் இருந்தது. நாய்க்கு நல்லதென்றால் பூனைக்குத் தீதாகுமா என்று எண்ணி, அளவைப் பாதியாக்கி நானே அதன் பிடரியில் இட்டேன். இஷா நேரத்தில் அதன் கால்கள் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கின. வாயில் நுரை தள்ளிற்று. ஃபஜ்ருக்கு முன் அது இறந்துவிட்டது.

பின்னர்தான் கேட்டறிந்தேன். நாய்களுக்கான தெள்ளு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் எனும் நச்சு இருக்கிறது. நாயின் ஈரல் அதனைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த ஆற்றல் இல்லை. அளவைப் பாதியாக்கினாலும் பயனில்லை. மனிதர்க்கான பேன் மருந்துகள் சிலவற்றிலும், எறும்புக்குக் கோடு கிழிக்கும் சாக்கட்டியிலும் இதுவோ இதன் இனத்தைச் சேர்ந்ததோ உண்டு. மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர், கற்பூரம், அந்துருண்டை ஆகியனவும் பூனைக்கு நஞ்சே. உடம்பில் தடவும் எதையும் பூனை நக்கி விழுங்கிவிடும் என்பதை மறக்கலாகாது. முற்காலத்தில் வீடுகளில் தூவிய பி.எச்.சி. பொடி நம் நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய டப்பா எங்கேனும் பரணில் கிடந்தால் அதனைத் தொடவேண்டாம்.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைவித்தவர் அதற்குப் பொறுப்பாளி ஆவார் எனும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அதை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தவன் நான். அறியாதவற்றை அறிந்தோரிடம் கேளுங்கள் என்று திருமறை போதிப்பதையும் மிம்பரில் பேசியவன். ஆனால் என் கையால் ஓர் உயிர் போன பிறகே அவ்விரண்டும் என் வீட்டுக்கும் உரியவை என்று உணர்ந்தேன். அறியாமல் செய்தேன் என்று மனத்தைத் தேற்றலாம். கேட்டறிய வழியிருந்தும் கேளாத அறியாமை முழுச் சாக்காக ஆகாது.

செய்ய வேண்டியவை

பூனையை அரசு கால்நடை மருந்தகத்திற்கோ மருத்துவமனைக்கோ கொண்டுசெல்வதே முதல் வேலை. சென்னையில் இருப்போருக்கு வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பூனையின் வயதையும் எடையையும் பார்த்து, பிடரியில் இடும் துளி மருந்தையோ தெளிக்கும் மருந்தையோ மருத்துவர் அளவோடு தருவார். வீட்டில் எத்தனை பூனை, நாய் இருந்தாலும் அத்தனைக்கும், அததற்கு உரிய மருந்தை ஒரே சமயத்தில் இடவேண்டும். ஒன்றை விட்டால் அதிலிருந்து மீண்டும் பெருகும்.

மருந்து தாங்காத சின்னஞ்சிறு குட்டிகளுக்குச் சீப்பும் சோப்புத் தண்ணீருமே மருந்து. இளஞ்சூடான நீரில், முதலில் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரை பூசவேண்டும். அப்போதுதான் தெள்ளுகள் முகத்தை நோக்கி ஓடமாட்டா. பிறகு உடலைக் கழுவி, உடனே துவட்டிக் கதகதப்பாக வைத்து, பேன் சீப்பால் வாரவேண்டும். சீப்பில் சிக்கியவற்றைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமிழ்த்தினால் அவை இறந்துவிடும். நகத்தால் நசுக்கவேண்டாம்.

தெள்ளைக் கொல்லலாமா என்று சிலர் கேட்கின்றனர். தீங்கு செய்யும் பூச்சியைக் கொல்ல அனுமதி உண்டு. ஆனால் அடுப்பிலோ மெழுகுவத்திச் சுடரிலோ போட்டு எரிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நெருப்பால் தண்டிப்பது நெருப்பின் இறைவனுக்கே உரியது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். தெள்ளை ஏசலாகாது, அது ஒரு நபியைத் தொழுகைக்கு எழுப்பிற்று என்றொரு செய்தி உண்டு. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் கூறுவர். எனினும் ஏசுவதால் தெள்ளு குறையப்போவதில்லை!

பூனையைக் கவனிப்பது பாதி வேலைதான். பெண் தெள்ளு நாளொன்றுக்கு 20 முதல் 50 முட்டைகள் வரை இடும். அவை பூனையின் மேல் ஒட்டியிராமல் பாயிலும் மெத்தையிலும் தரை இடுக்கிலும் உதிர்ந்துவிடும். வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தை 100 பங்காகக் கொண்டால், பூனையின் மேல் நாம் காண்பது ஏறத்தாழ 5 பங்கே. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நம் காலடியில் மறைந்திருக்கின்றன. கூட்டுக்குள் இருப்பது பல மாதங்கள் காத்திருந்து, நடமாட்டத்தின் அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் வெளிவரும். வெகுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தவுடன் தெள்ளு மொய்ப்பது இதனால்தான். பூனையைத் துரத்திய வீட்டில் தெள்ளு மனிதரை மேலும் கடிப்பதும் இதனால்தான். சாக்கில் கட்டி அனுப்பியவர் தெள்ளை அனுப்பவில்லை, பூனையைத்தான் அனுப்பினார்.

ஆகவே நாள்தோறும் மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். விரிப்பு, தலையணை உறை, முஸல்லா, பூனை படுக்கும் துணி ஆகியவற்றை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். ஒரு வாரத்தில் ஓயவில்லையே என்று சலிக்கவேண்டாம். இரண்டு மூன்று மாதங்கள் விடாது செய்தால்தான் வேரற்றுப்போகும். தூய்மை ஈமானில் சேர்ந்தது என்று வாயால் சொல்கிறோம். அதைத் துடைப்பத்தால் சொல்ல வேண்டிய காலம் இது.

வீண் விரயமா?

“ஏழை எளியவர்கள் இருக்கப் பூனைக்கு மருந்து வாங்குவது வீண் விரயம் அல்லவா?” என்று கேட்போர் உண்டு. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் தோல் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறிவந்த மனிதருக்கு அல்லாஹ் பாவமன்னிப்பு அளித்தான். உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உதவியில் நற்கூலி உண்டு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். ஏழைக்குக் கொடுப்பதைப் பூனை தடுக்கவில்லை. திருமண விருந்தில் கொட்டும் சோற்றை விரயம் என்று எண்ணாத நாம், ஒரு சீப்பையும் சோப்பையும் சிறிது மருந்தையும் மட்டும் விரயம் என்போமானால், நம் தராசில்தான் கோளாறு இருக்கிறது.

கைக்குழந்தையோ மூச்சுத்திணறல் நோயாளியோ இருக்கும் வீட்டில் பூனை வளர்க்க இயலாமல் போகலாம். அதில் குற்றமில்லை. அப்படியாயின், முதலில் நோயை நீக்கி, பிறகு விரும்பி ஏற்போர் கையில் ஒப்படையுங்கள். அமானிதத்தைத் திருப்பி அளிப்பதற்கும் முறை உண்டு.

அன்று நான் இவற்றையெல்லாம் அந்தச் சகோதரரிடம் விரிவாகச் சொல்லவில்லை. “உங்களைச் சுற்றி வந்த ஜீவனை எங்கே விட்டீர்களோ அங்கே போய்ப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னேன். அன்று மாலையே அவர் சந்தைக்குப் போனார். ஒரு தள்ளுவண்டியின் அடியில் தாய்ப்பூனையும் ஒரு குட்டியும் கிடந்தன. மற்ற இரண்டும் அகப்படவில்லை. இருட்டும்வரை தேடிவிட்டு, இருந்தவற்றைக் கொண்டுவந்து, மறுநாள் கால்நடை மருந்தகத்தில் காட்டினார். அவரும் மனைவி மக்களும் மூன்று மாதங்கள் வாரியும் பெருக்கியும் துவைத்தும் வீட்டைத் தூய்மை செய்தனர். குட்டி இப்போது சுவரேறிக் குதிக்கிறது.

சென்ற மாதம் அவர் மீண்டும் அதே தாழ்வாரத்தில் என் அருகே வந்து அமர்ந்தார். இம்முறை உடையைப் பற்றிக் கேட்கவில்லை. “ஹஜ்ரத், அந்த இரண்டு குட்டிகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?” என்றார். அதற்கு நூல்களிலிருந்து எடுத்துச் சொல்ல என்னிடம் தீர்ப்பு ஒன்றும் இருக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் இறந்த என் பூனை நினைவுக்கு வந்தது. “தவ்பாச் செய்யுங்கள், நானும் செய்துகொண்டிருக்கிறேன். மீந்திருப்பதைப் பேணுங்கள்” என்றேன்.

வல்ல நாயன் நம் கையில் ஒப்படைத்த உயிர்கள் அனைத்தின்மீதும் நமக்கு இரக்கத்தைத் தருவானாக! அவற்றின் வாயில்லா முறையீட்டுக்கு மறுமையில் ஆளாகாதவாறு நம்மைக் காப்பானாக! ஆமீன்.